சுனைத் தகராறும் குமுதாவின் பட்டமும்

ஒரு காட்டில், அடுத்த காட்டோடு எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர ஒரு கல்லூரி இருந்தது. காட்டுக்குக் கருவேலங்காடு என்று பெயர். கல்லூரி நடந்தது ஒரு பெரிய வாகை மரத்தடியில். 'அயல்காட்டு விவகாரம்' என்ற இளங்கலைப் படிப்புக்கு அங்கே நல்ல பெயர். படித்து முடித்தவர்கள் காட்டின் தூதர்களாகப் போவார்கள் என்று சேர்க்கை அறிவிப்பில் போட்டிருந்தார்கள். அதுவரை அப்படிப் போனவர் யாருமில்லை. முடித்தவர்களில் பாதிப்பேர் அதே மரத்தடியில் வாத்தியாராக உட்கார்ந்தார்கள். மீதிப்பேர் வாத்தியார் வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

அந்தப் படிப்பில் சேர ஒரு வருஷம் குமுதா என்ற கீரி வந்து நின்றாள்.

கீரிகளுக்கு அயல்காட்டு விவகாரம் புதிதல்ல. ஆனால் அவர்கள் அதைப் பல்லால் நடத்திவந்தார்கள். கருவேலங்காட்டுக்கும் பக்கத்திலிருந்த ஈச்சங்காட்டுக்கும் நடுவில் ஒரு சுனை இருந்தது. கோடையில் இரண்டு காட்டுக்கும் பக்கத்தில் மிச்சமிருப்பது அந்தத் தண்ணீர்தான். ஈச்சங்காட்டில் இருப்பவர்கள் முக்கால்வாசி பாம்புகள். வெயில் ஏறியதும் அவர்கள் வந்து சுனையைச் சுற்றிப் படுத்துக்கொள்வார்கள். யார் கிட்டே போனாலும் கொத்துவார்கள். கருவேலங்காட்டுக்காரர்கள் குட்டிகளை இழுத்துக்கொண்டு மலைக்கு அந்தப்பக்கம் நடந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். வந்து சேரும்போது மறுபடியும் தாகமெடுக்கும்.

ஒரு கோடையில் குமுதாவின் அப்பா சிங்காரம், "நான் போய்ப் பேசித் தீர்த்துட்டு வரேன்" என்று கிளம்பினார். திரும்பி வந்தபோது அவருடைய வலது முன்னங்கால் வீங்கித் தொங்கியது. உயிர் பிழைத்தார். கால் பழையபடி தரையில் ஊன்றவில்லை.

புண் ஆறிய பிறகு குமுதா கேட்டாள்.

"அப்பா, அங்க போய் என்ன பேசினீங்க?"

"உறுமினேன்."

"அது என்ன சொல்லிச்சு?"

"சீறிச்சு."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

சிங்காரம் மகளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அர்த்தம் கேக்குற நேரமாம்மா அது?"

அந்தச் சீறலுக்கு என்ன அர்த்தம் என்பது குமுதாவை உறுத்திக்கொண்டே இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கல்லூரிக்கு வந்தாள்.

துறைத் தலைவர் ஞானசிகாமணி ஒரு தேவாங்கு. முகம் நிறையக் கண். எல்லாவற்றையும் கவனிப்பது போலவே இருக்கும். ஒரு கையைக் கிளையில் வைத்துவிட்டு மறு கையை எடுப்பதற்குள் ஒரு பாடவேளை முடிந்துவிடும்.

"பட்டம் வாங்க என்னென்ன படிக்கணும் சார்?" என்று கேட்டாள் குமுதா.

"அவசரப்படக் கூடாது. அதுதான் முதல் தகுதி" என்றார் அவர். பிறகு சொல்லத் தொடங்கினார். வேட்டைப் பொருளாதாரம் உண்டு. தலை எண்ணும் புள்ளியியல் உண்டு. எல்லைச் சட்டம் உண்டு. ஒரு வட்டாரத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்க வேண்டும். அயல்மொழி ஒன்று படிக்க வேண்டும். அந்த மொழி பேசும் காட்டில் ஒரு செமஸ்டர் போய்த் தங்க வேண்டும். கடைசி செமஸ்டரில், இரண்டு காடுகளுக்கு நடுவே உள்ள நடப்புத் தகராறு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைத் தீர்ப்பது எப்படி என்று ஆய்வறிக்கை எழுத வேண்டும்.

"இதுல ஒண்ணு குறைஞ்சா?"

"பட்டம் இல்லை."

"எல்லாம் முடிச்சா?"

"பட்டம் உண்டு. வேறெதுவும் உண்டா என்று என்னைக் கேட்கக் கூடாது."

மொழிப்பாடத்துக்குப் போனால் கிளிமொழி வகுப்பில் நிற்க இடமில்லை. சொன்னதைத் திருப்பிச் சொன்னால் முழு மதிப்பெண் என்பதால் எல்லோரும் அங்கேதான். குமுதாவின் வகுப்புத் தோழன் சந்திரகாசன் என்ற மிளாமானும் அங்கேதான். பெரிய கொம்பு, நல்ல மனசு, படிப்பென்றால் கொஞ்சம் சோம்பல். "நீயும் இங்க வந்துடு குமுதா. வாயைத் தொறந்தா போதும், பாஸ்" என்று கூப்பிட்டான். குமுதா பாம்புமொழி வகுப்புக்குப் போனாள். அங்கே அவள் ஒருத்திதான் மாணவி.

பாடம் நடத்தியவர் தணிகாசலம் என்ற தவளை. தற்காலிகப் பணி.

"பாம்புமொழிக்குத் தவளை வாத்தியாரா சார்?" என்று குமுதா கேட்டேவிட்டாள்.

"எங்க குளத்துல அந்த மொழி புரியாதவங்க யாரும் மிஞ்சல. நான் மிஞ்சினேன். என் தகுதி அதுதான்" என்றார் தணிகாசலம்.

அக்கறையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் பாம்புகள் தம்மிடம் பேசியதை மட்டுமே அவர் அறிவார். ஆகவே குமுதா படித்த பாடமெல்லாம் ஒரே தினுசாக இருந்தது. "அசையாதே. வலிக்காது" என்பதுதான் முதல் பாடம். பாம்புகள் யாரைச் சந்தித்தாலும் முதலில் இதைத்தான் சொல்லும், எனவே இது வணக்கமாக இருக்க வேண்டும் என்று தணிகாசலம் விளக்கினார்.

வெளிக்காட்டில் தங்கும் செமஸ்டர் வந்தது. குமுதா ஈச்சங்காட்டுக்குக் கிளம்பினாள். அம்மா பவுனு வழியில் தின்ன உலர்ந்த வெட்டுக்கிளிகளை இலையில் கட்டிக்கொடுத்தாள். அப்பா காட்டு எல்லை வரை நொண்டிக்கொண்டே கூட வந்தார். அங்கே நின்று, "பாத்து இரு" என்று மட்டும் சொன்னார்.

ஈச்சங்காட்டில் அவளுக்கு ஒதுக்கிய வீடு நீலாயதாட்சி என்ற சாரைப்பாம்பின் வீடு. நீலாவும் அதே படிப்பைத்தான் அந்தப் பக்கத்துக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கீரி ஒன்று தங்க வருகிறது என்று கேள்விப்பட்டதும் அக்கம்பக்கத்துப் பாம்புகள் முட்டைகளை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டன. நீலாவின் அம்மா மட்டும் வாசலில் சுருண்டு, தலையைத் தூக்கிக் காத்திருந்தாள். உடம்பு நடுங்கியது. ஆனாலும் விருந்தாளி என்று வந்தால் வாசலில் நிற்பதுதானே மரியாதை.

குமுதா தலையைத் தாழ்த்திப் பணிவாகச் சொன்னாள்: "அசையாதே. வலிக்காது."

நீலாவின் அம்மா மயங்கி விழுந்தாள்.

நீலா ஓடிவந்தாள். என்ன நடந்தது என்று கேட்டு, குமுதா தன் தவளை வாத்தியாரைப் பற்றிச் சொன்னதும் நீலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாலிலிருந்து கழுத்து வரை குலுங்கியது. அம்மா தெளிந்து எழுந்து விஷயத்தைக் கேட்டாள். "உள்ள வா பொண்ணே. உங்க வாத்தியாரையும் ஒருநாள் சாப்பிட வரச் சொல்லு" என்றாள். பிறகு தான் சொன்னது எப்படி ஒலித்தது என்று யோசித்து, "விருந்துக்குத்தான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் குமுதா மொழியைப் புதிதாகக் கற்றாள். நீலாவின் அம்மாவை அத்தை என்று கூப்பிடத் தொடங்கினாள். முட்டைகள் இருந்த மூலைப்பக்கம் அவள் போகவில்லை. பழக்கதோஷத்தில் வாயில் எச்சில் ஊறியபோதெல்லாம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தாள். அத்தை அதைக் கவனித்தாள். மறுநாளிலிருந்து குமுதாவுக்கு இரண்டு பங்கு எலி வைத்தாள்.

வெயில் ஏறியது. ஒருநாள் அத்தையின் கண் வெளிறி, பால் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. குமுதா பயந்துபோனாள்.

"ஒண்ணுமில்ல. சட்டை உரிக்கப் போறேன்" என்றாள் அத்தை. "கண்ணுமேல இருக்கிற தோலும் சேர்ந்துதான் உரியும். உரியுற வரைக்கும் கண்ணு தெரியாது. ஈரப் பாறையில உடம்பைத் தேச்சாத்தான் கழலும். சுனைக்குக் கூட்டிட்டுப் போறியா?"

குமுதா வழிகாட்டிக்கொண்டு போனாள். சுனையைச் சுற்றிப் பாம்புகள் படுத்திருந்தன. அப்பா பார்த்த அதே காட்சி. எல்லாவற்றின் கண்ணும் வெளிறியிருந்தது. தண்ணீரை ஒருவரும் தொடவில்லை. மேல்பாறையில் ஒரு சருகு உருண்டது. உடனே அத்தனை தலையும் எழும்பியது. ஒரு பெரிய சீறல்.

இந்த முறை குமுதாவுக்கு அது புரிந்தது.

அவர்கள் சொன்னது, "யாரது? மிதிச்சுடாதீங்க."

குமுதா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் கால் ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலமே அவளும் நீலாவும் பேசினார்கள். சட்டை உரிப்பவர்களுக்கு மேற்குப் பாறை போதும். தண்ணீர் குடிக்க வருகிறவர்களுக்குக் கிழக்குக் கரை போதும். வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று தரையில் ஓங்கி மிதித்துவிட்டு வந்தால், கண் தெரியாதவர்களுக்கும் அதிர்வு தெரியும், நகர்ந்துகொள்வார்கள். அவ்வளவுதான். நீலா தன் காட்டில் சொன்னாள். குமுதா தன் காட்டில் வந்து சொன்னாள்.

கருவேலங்காட்டில் யாரும் நம்பவில்லை. கடைசியில் சிங்காரம்தான் முன்னால் வந்தார். சுனைக்குத் தள்ளி நின்று, நல்ல காலால் தரையை ஓங்கி மிதித்தார். மேற்குப் பாறைப்பக்கம் சரசரவென்று சத்தம் கேட்டது. கிழக்குக் கரை காலியானது. அவர் இறங்கிப்போய்க் குனிந்தார். எதிரே பாறையில் ஒரு கிழட்டு நாகம் அவர் பக்கம் தலையைத் திருப்பியபடி அசையாமல் கிடந்தது. சிங்காரம் நெடுநேரம் குடித்தார். நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அந்தக் கோடையில் கருவேலங்காட்டுக் குட்டிகள் ஒன்றுகூட மலையைச் சுற்றி நடக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம். ஆனால் குமுதாவுக்குக் கடைசி செமஸ்டர் பாக்கியிருந்தது.

ஆய்வறிக்கைக்குப் பதிவு செய்யத் துறைத் தலைவரிடம் போனாள். சுனைத் தகராறைத் தீர்த்த விதத்தை எழுதப் போவதாகச் சொன்னாள். ஞானசிகாமணி அவளை வெகுநேரம் பார்த்தார்.

"நடப்புத் தகராறு வேண்டும். உன் தகராறு நடப்பில் இல்லையே."

"நான்தானே சார் தீர்த்தேன்."

"அதுதான் சிக்கல். தீர்ந்துபோன தகராறு வரலாற்றுத் துறைக்குப் போய்விடும். நம் துறையில் தீராததுதான் பாடம்."

"தீர்த்ததுக்குக் கிரெடிட் கிடையாதா சார்?"

"நீ தீர்த்தது மொழி செமஸ்டரில். அந்த செமஸ்டருக்கு மொழிக் கிரெடிட் கொடுத்தாயிற்று. ஒரே வேலைக்கு இரண்டு கிரெடிட் கொடுக்க விதியில்லை. முன்கூட்டிச் சொல்லியிருந்தால், ஒரு வருஷம் பொறுத்துத் தீர்க்கச் சொல்லியிருப்பேன்."

"அந்த ஒரு வருஷம் குட்டிகளுக்குத் தண்ணி?"

தேவாங்கு இதற்கும் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், ஏனென்றால் அவர் கெட்டவர் அல்ல. "அது பாடத்திட்டத்தில் இல்லை, குமுதா" என்றார் கடைசியில். குரலில் வருத்தம் இருந்தது.

விஷயம் அவளோடு நிற்கவில்லை. அந்த வகுப்பில் எல்லோரும் சுனைத் தகராறைத்தான் ஆய்வுக்கு எடுத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரே தகராறு அதுதான், தூரத்துக்குப் போய்த் தேட யாருக்கும் மனமில்லை. இப்போது எல்லோருடைய பட்டமும் அந்தரத்தில் நின்றது. சந்திரகாசன் கொம்பைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"மூணு அத்தியாயம் முடிச்சிருந்தேன் குமுதா. வாழ்க்கையில நானா எழுதின மூணு அத்தியாயம். ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்."

"உங்க அம்மா இப்ப சுனையிலதானே தண்ணி குடிக்கிறாங்க?"

"குடிக்கிறாங்க. குடிச்சிட்டு வந்து, பட்டம் எப்படா வாங்குவேன்னு கேக்குறாங்க."

தவளை வாத்தியார் தணிகாசலமும் கவலையோடு இருந்தார். தகராறு இல்லாத காட்டில் அயல்காட்டு விவகாரத் துறை எதற்கு என்று யாரோ கேட்டுவிட்டார்களாம். துறை போனால் தற்காலிகப் பணிகள்தான் முதலில் போகும். அவர் குமுதாவைக் குறைசொல்லவில்லை. "நல்ல காரியம்தான் செஞ்ச. நான்தான் இனிமே குளத்துக்குப் போகணும்" என்றார். குளத்தில் யார் இருக்கிறார்கள் என்பது இரண்டுபேருக்கும் தெரியும்.

நல்லது செய்துவிட்டு இப்படித் திருடி மாதிரி நடமாட வேண்டியிருக்கிறதே என்று குமுதாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

ஒருநாள் காலையில் வகுப்பில் யாரையும் காணவில்லை. தணிகாசலம் தத்தித் தத்தி வந்து சொன்னார், "எல்லாரும் சுனைக்குப் போயிருக்காங்க. யாராவது ஒரு பாம்பை லேசா மிதிச்சா, ஒரு செமஸ்டருக்காவது தகராறு தாங்கும்னு பேசிக்கிட்டாங்க."

குமுதா ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் தள்ளி நிற்க, சந்திரகாசன் மட்டும் மேற்குப் பாறையோரம் நின்றுகொண்டிருந்தான். ஒரு குளம்பு தூக்கியபடி இருந்தது. கீழே நீலாவின் அம்மா அடுத்த சட்டை உரிக்க வந்து, கண் தெரியாமல் கிடந்தாள். நீலா அவளுக்கு முன்னால் தலையைத் தூக்கி நின்றாள். குமுதா அவனுக்கும் நீலாவுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"காலை எறக்கு."

"எறக்கத்தான் பாக்குறேன். எங்க எறக்குறதுன்னுதான் கேள்வி" என்றான் அவன். அவனுக்கும் பயம்தான். மனசும் கேட்கவில்லை.

"என்னை மிதி. அது உள்காட்டு விவகாரம் ஆயிடும், உனக்குப் பிரயோஜனப்படாது."

சந்திரகாசன் அந்த விதியை ஞாபகப்படுத்திப் பார்த்தான். அவள் சொன்னது சரி. காலை மெதுவாகப் பின்னால் வைத்தான்.

நீலாவுக்குக் கோபம் அடங்கவில்லை. "எங்க பக்கமும் இதே நிலைமைதான். உங்க பாடத்திட்டத்தைப் பாத்துத்தான் எங்க காலேஜ்ல எழுதினாங்க. எனக்கும் பட்டம் இல்லையாம். அதுக்காக எங்க சட்டைச்சுனையில வந்து நான் யாரையும் கொத்தலையே."

"அதென்ன சட்டைச்சுனை? இது நடுச்சுனை" என்றாள் குமுதா, யோசிக்காமல்.

"நடுவா? எதுக்கு நடு? எங்க பாட்டி காலத்துலேர்ந்து சட்டைச்சுனைதான்."

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து நடுச்சுனை."

"உங்க தாத்தா இங்க வந்து குடிச்சதே கிடையாதே."

"குடிக்கலைன்னா பேரு வைக்கக் கூடாதா?"

சந்திரகாசனின் காது இரண்டும் நிமிர்ந்தது. அவன் படிப்பில் சோம்பேறிதான், ஆனால் பட்டம் வருகிற வழியில் அல்ல. "ஒரு நிமிஷம்" என்றான். "இந்தப் பேர் விஷயம் ரெண்டு காட்டுக்கும் நடுவுல உள்ளதுதானே?"

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"நடப்பில் இருக்குதானே?"

"இப்பத்தான் ஆரம்பிச்சது" என்றாள் நீலா.

"யாருக்கும் இதனால தாகம் எடுக்காதுதானே?"

குமுதா தண்ணீரைப் பார்த்தாள். கிழக்குக் கரையில் இரண்டு குட்டிக் கீரிகள் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தன. சுனைக்கு என்ன பெயர் என்று அவை யாரையும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே சுனைப் பெயர்ச் சிக்கல் இரு காடுகளிலும் முறைப்படி வெடித்தது. குமுதாவும் நீலாவும் மேற்குப் பாறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கண்டனங்களை எழுதினார்கள். இவள் கண்டனத்தில் எழுத்துப்பிழை இருந்தால் அவள் திருத்தினாள். ஒருவேளை இரண்டு காடும் 'சட்டை நடுச்சுனை' என்று ஒத்துக்கொண்டுவிட்டால் என்ன செய்வது என்று நீலாவுக்கு ஒரு பயம் இருந்தது. எந்தப் பெயர் முன்னால் வர வேண்டும் என்பதில் இன்னும் பல தலைமுறை படிக்கலாம் என்று குமுதா தைரியம் சொன்னாள்.

ஞானசிகாமணி புதிய தகராறை ஆர அமரப் பரிசீலித்தார். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. "தீரும் அபாயம் கொஞ்சமும் தெரியவில்லை" என்று குறிப்பெழுதி ஒப்புதல் தந்தார். துறை பிழைத்தது. தணிகாசலத்துக்குப் பணி நிரந்தரமானது. பெயர்ச் சிக்கலைப் பாம்புமொழியிலேயே ஆராய ஆள் வேண்டுமே. அவருடைய வகுப்பில் இப்போது உட்கார இடமில்லை. முதல் பாடத்தை மட்டும் குமுதா மாற்றிக்கொடுத்தாள்.

பட்டமளிப்பு விழா வந்தது. வாகை இலையைத் தலையில் வைத்துப் பட்டம் கொடுத்தார்கள். சந்திரகாசனுக்கு இலை கொம்பில் மாட்டிக்கொண்டது. அவன் அம்மா அதை எடுக்கவே விடவில்லை. குமுதாவின் ஆய்வறிக்கை, பெயர்ச் சிக்கலுக்குத் தீர்வே இல்லை என்று திட்டவட்டமாக நிறுவியதற்காக முதல் பரிசு பெற்றது. ஈச்சங்காட்டில் நீலாவும் முதல் பரிசுதான். சேர்ந்தே எழுதியது, சுனையின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருந்தாள்.

விழா முடிந்து சிங்காரம் மகளோடு நொண்டியபடி நடந்தார். மனசு நிறைந்திருந்தது. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி.

"ஆமா, நீ சுனைச் சண்டையைத் தீர்த்தியே, அதுக்கு என்ன குடுத்தாங்க?"

"அதுக்கு ஒண்ணும் இல்லப்பா."

"அப்ப இது?"

"தீர்க்காததுக்கு."

"சரி" என்றார் சிங்காரம். "பெரிய படிப்பு. எனக்கெங்க புரியப்போகுது."

மறு வருஷம் அந்தப் படிப்புக்குக் கூட்டம் அலைமோதியது. பட்டத்துக்கான தகுதிகளில் ஒன்றைக் கல்லூரி புதிதாகச் சேர்த்திருந்தது. சேருகிற ஒவ்வொருவரும் முதல் நாளே துறைத் தலைவர் முன்னால் நின்று, படிப்பு முடிகிற வரை தகராறு எதையும் தீர்க்க மாட்டேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். உறுதிமொழியைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த விரிவுரையாளரிடம் ஒப்படைத்தார்கள். குமுதா நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள்.

நீதி: ஊர்ச் சண்டையைத் தீர்க்கக் கிளம்புமுன், அதை நம்பி எத்தனை பேர் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.